வீட்டுக்குள் கழியும் காலம்: குமரி மாவட்டத்து இளையோரும் மனநல உதவியும்

மனநலத் துறையில் ‘தொடக்கநிலை இடையீடு’ என்று சொல்லப்படுவது, நோய் முற்றிய பின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவருக்குச் சிகிச்சை தருவது அன்று. தூக்கத்திலும் பேச்சிலும் படிப்பிலும் முதல் மாறுதல்கள் தலைகாட்டிய சில வாரங்களுக்குள்ளோ மாதங்களுக்குள்ளோ அந்த இளையவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் வேண்டிய உதவி கிடைத்துவிடுவதையே அது குறிக்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒரு மாவட்டத்தில் எத்தனை மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, முதல் அறிகுறிக்கும் முதல் முறையான சிகிச்சைக்கும் நடுவில் எவ்வளவு காலம் கழிகிறது என்பதே முதன்மையான கேள்வியாகிறது. தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள் எழுத்தறிவின்மையும் தொலைவும் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இவ்விரண்டும் பொருந்தா. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முன்னணியில் நின்ற மாவட்டம் இது. 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலம் முதல் ஆங்கில மருத்துவத்துக்குப் பழகிப்போன மண். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்களிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பம், பிள்ளையின் மனம் தடுமாறும்போது மட்டும் ஏன் காத்திருக்கிறது என்பதற்கான விடையை வீட்டுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

மனநலச் சிக்கல்கள் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குகின்றன என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, மனநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு 14 வயதுக்கு முன்பும், பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பும் நோய் தொடங்கிவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலான இந்தியச் சிறாரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அதே கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்படுவோருக்கும் உண்மையில் சிகிச்சை பெறுவோருக்கும் உள்ள வேறுபாடான ‘சிகிச்சை இடைவெளி’, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதையும் காட்டியது.

இவற்றுள் மிகவும் பொதுவானவை, எதிலும் நாட்டமற்றுப்போகும் மனச்சோர்வும், நெஞ்சுப் படபடப்பும் ஓயாத கவலையுமாக வரும் மனப்பதற்றமும் ஆகும். எண்ணிக்கையில் குறைந்தாலும் தாமதத்தால் மிகுதியாகக் கெடுவது உளப்பிறழ்வு, அதாவது இல்லாத குரல் கேட்பது, பிறர் தன்னைக் கண்காணிப்பதாக அசையாமல் நம்புவது முதலியவற்றால் நடப்புலகோடு உள்ள பிடி தளரும் நிலை. மனச்சிதைவு நோய் இந்த வகையைச் சேர்ந்தது. உளப்பிறழ்வு தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட ‘சிகிச்சையற்ற காலம்’ நீள நீள, பின்னர் தரப்படும் மருந்தின் பலன் குறைகிறது என்பதும், படிப்பும் நட்பும் வேலையும் அந்த இடைவெளியிலேயே அறுந்துபோவதால் நோய் தணிந்த பின்னும் அவற்றை மீட்பது கடினமாகிறது என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மைகள். இந்தக் காலத்தைச் சுருக்குவதற்காகவே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பாட்ரிக் மெக்கோரி 1992இல் இளையோருக்கென்று தனி மையம் ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு நீண்ட மரபு உண்டு: கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோயுற்ற 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்துவந்தனர்.

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களிலும், அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் தாமதம் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு வீட்டில் பொதுவாக நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் மாலையில் விளையாடப் போவதை நிறுத்துகிறான். குளிக்கச் சொன்னால் எரிந்து விழுகிறான். சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறான். இரவு இரண்டு மணிக்கும் மொட்டைமாடியில் நடக்கும் ஓசை கேட்கிறது. ஒரு நாள் பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஜன்னலைச் செய்தித்தாளால் ஒட்டி மூடுகிறான். இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. “படிச்சுப் படிச்சு மண்டை சூடாயிட்டு” என்பார் பாட்டி. “அந்தப் போனை வாங்கி வச்சா எல்லாம் சரியாவும்” என்பார் தகப்பன். பெண் பிள்ளையாக இருந்தால், பேச்சு இன்னும் சீக்கிரமாகக் கல்யாணத்துக்கு வந்துவிடும். விளக்கங்களில் சில சரியாகவும் இருக்கலாம், ஏனெனில் பரீட்சைக் காலத்தில் எரிச்சலும் தூக்கக் குறைவும் இயல்பே. ஆனால் மாறுதல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, ஒன்றோடு நில்லாமல் தூக்கம், உணவு, நட்பு, படிப்பு என்று பரவுகிறதா, பிள்ளையின் பழைய இயல்புக்கு முற்றிலும் அன்னியமாக இருக்கிறதா என்பவையே மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள். அவற்றை வீடு கேட்பதில்லை.

கேட்காததற்கு அறியாமை முழுக் காரணம் அன்று. பையனுக்கு ‘கோட்டி’ (பைத்தியம்) என்ற பேச்சு ஒருமுறை ஊரில் எழுந்துவிட்டால், அக்காளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள் என்று தாய் அஞ்சுவது வெறும் மூடநம்பிக்கை ஆகாது. அது அனுபவத்தில் கண்ட கணக்கு. ஆசாரிபள்ளத்து மனநலப் பிரிவின் வரிசையில் தெரிந்த முகம் எதையாவது பார்த்துவிட நேருமோ என்ற அச்சம், மாவட்டம் சிறியதாக இருப்பதாலேயே பெரிதாகிறது. ஆகவே வசதியுள்ளவர்கள் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ போகிறார்கள். மற்றவர்கள் வழிபாட்டிடங்களை நாடுகிறார்கள். ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயத்துக்கு மனம் தடுமாறியவர்களைக் குடும்பத்தார் அழைத்துவருவது நெடுநாள் வழக்கம்; சாதி மத வேறுபாடின்றி அங்கே வருவோர், தங்களுக்குக் கிடைக்காத ஒன்றை, அதாவது யாரும் கேள்வி கேட்காமல் நோயாளியோடு சேர்ந்து இருப்பதற்கான ஓர் இடத்தை, நாடி வருகிறார்கள் என்றே கொள்ள வேண்டும். மருத்துவம் இத்தகைய இடங்களைப் பகைத்துக்கொண்டு பெற்றது எதுவுமில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், தர்காவை நாடி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்த பின்பு, இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஆயினும் பக்தர்களின் வருகை நிற்கவில்லை. பிற்பாடு அதே ஏர்வாடியில், குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் நடந்துவந்த முறையைப் பின்பற்றி, பிரார்த்தனைக்கு வருவோர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கும் ஏற்பாட்டை அரசு செய்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றையொன்று தடுக்க வேண்டியதில்லை என்ற இந்த அணுகுமுறை, கோயில்களும் ஆலயங்களும் தர்காக்களும் நிறைந்த குமரிக்கு வெளியிலிருந்து வரும் எந்த விழிப்புணர்வுப் பதாகையைவிடவும் பொருத்தமானது.

குடும்பத்தைத் தாமதத்தின் காரணமாக மட்டும் பார்ப்பது பாதி உண்மையே. ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் இணைந்து, முதல்முறை உளப்பிறழ்வுக்கு ஆளான இளையோரைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆனால் பேச்சும் ஆர்வமும் வற்றிப்போகும் ‘குறைநிலை அறிகுறிகள்’ சென்னையில் கூடுதலாகச் சீரடைந்தன, சிகிச்சையை இடையில் விட்டுவிட்டவர்களும் அங்கே குறைவு. சென்னையில் சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பம் கூடவே இருந்ததை ஆய்வாளர்கள் ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகின்றனர். அதாவது, நோயை மறைத்துவைத்து நாள் கடத்துகிற அதே குடும்பம், வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வேறெந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காத துணையாகிறது.

அந்தத் துணை எவ்வகையானது என்பதும் கவனிக்கத்தக்கது. லண்டனில் தொடங்கி, பின்னர் ஜூலியன் லெஃப், என்.என்.விக் ஆகியோரால் சண்டிகரிலும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், நோயாளியைப் பற்றி வீட்டார் பேசும் பேச்சில் குத்தலும் பகைமையும் அளவுகடந்த பொத்திப் பாதுகாப்பும் எவ்வளவு கலந்துள்ளன என்பதை அளந்தன. இது ‘உணர்ச்சி வெளிப்பாட்டு அளவு’ எனப்படும். இந்த அளவு மிகுந்த வீடுகளில் நோய் திரும்பத் தலையெடுப்பது அதிகம் என்பதும், சண்டிகர்க் குடும்பங்களில் அந்த அளவு லண்டனைவிடக் குறைவாக இருந்தது என்பதும் அவற்றின் முடிவு. “உனக்குச் சோறு போட்டு வளத்ததுக்கு இதுதானா” என்று நாள்தோறும் கேட்பதும், இருபது வயதுப் பையனுக்குத் தாயே சோறு ஊட்டுவதும் ஒரே வகைக் கேடு என்பது பல பெற்றோருக்கு வியப்பளிக்கும் செய்தியாக இருக்கக்கூடும். ஆகவே சிகிச்சையின் தொடக்கத்தில் குடும்பத்தோடு நடத்தும் இரண்டு மூன்று அமர்வுகள் மருந்துச் சீட்டுக்கு ஒப்பான முக்கியத்துவம் பெறுகின்றன. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் முதலில் விடுபட்டுப்போவதும் அவையே.

கடற்கரை ஊர்களின் நிலை சற்று வேறுபட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களைத் தாக்கியபோது, உளவியல் துணைப் பணியாளர்கள் பயிற்சி பெற்று ஊர்தோறும் அனுப்பப்பட்டனர். பேரிடருக்குப் பின் பெரும்பாலோரின் துயரம் உறவும் வேலையும் மீண்டும் கூடும்போது தானாகவே தணியும் என்பதும், சிலருக்கே மருத்துவ உதவி தேவைப்படும் என்பதும் அப்பணி தந்த பாடம். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலரைத் திரும்பாதவர்களாகவே ஆக்கியது. உடல் கிடைக்காமல், அடக்கம் நடக்காமல், வருவாரா மாட்டாரா என்ற ஐயத்தோடு தொடரும் துயரத்தை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் ‘முடிவுறா இழப்பு’ என்று குறிப்பிட்டார். இவ்வகைத் துயரத்துக்கு இயல்பான ஓர் ஓய்வுப்புள்ளி இல்லை. அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று பதினெட்டு வயதைத் தொட்டிருக்கிறார்கள் அல்லது தாண்டியிருக்கிறார்கள். ஆபத்தானது என்று மேற்சொன்ன ஆய்வுகள் காட்டும் வயது அதுவே. நிவாரணக் கோப்புகள் முடிந்துபோன ஆண்டுகளில்தான் இவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அரசின் ஏற்பாடுகள் தாளில் போதுமானவையாகவே தெரிகின்றன. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கிளையாக 1996 முதல் விரிந்துவந்த மாவட்ட மனநலத் திட்டத்தின்படி, மருத்துவர் குழு குறிப்பிட்ட நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வர வேண்டும். பள்ளிகளுக்கும் செல்ல வேண்டும். 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையைக் குடிமக்களின் உரிமையாக்கியதோடு, சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும் விதித்தது. இந்த விதி பல வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. போலீஸ் வழக்குக்கு அஞ்சிச் சம்பவத்தை விபத்தென்று சொல்லிச் சேர்த்து, உடல் தேறியதும் வீட்டுக்குக் கூட்டிச் செல்கிறார்கள். முன்பு ஒருமுறை முயன்றவருக்கே மறுபடி ஆபத்து மிகுதி என்பதால், உதவி கட்டாயம் தொடர வேண்டிய வாரங்களில் அது அறுந்துபோகிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லா மனநலத் தொலைபேசி சேவையை எந்த நேரத்திலும் தமிழில் அழைக்கலாம்; பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, தாயோ நண்பனோ ஆசிரியரோ பேசினாலும் போதும். ‘சாக வேண்டும் போல இருக்கிறதா’ என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் அது ஆறுதலையே தருகிறது.

பள்ளிகளைப் பொறுத்தவரை, பொறுப்பை ஆசிரியர் தலையில் ஏற்றிவிடுவதே எங்கும் வழக்கம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான சேஹர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் மனநலத் திட்டத்தை நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் வம்பும் குறைந்து பள்ளிச் சூழல் மேம்பட்டது. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மதிப்பெண் போடுகிறவரிடமே மனக்குறையைச் சொல்வது மாணவருக்கு எளிதல்ல என்பதும், பாடம் நடத்தவே நேரம் போதாத ஆசிரியருக்கு இது மற்றொரு பதிவேடாகிவிடும் என்பதும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம். தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழிசெய்யும் துணைத் தேர்வு முறை, ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986இல் சென்னையில் தொடங்கிய லட்சுமி விஜயகுமார் போன்றோரின் வற்புறுத்தலுக்குப் பின் இம்மாநிலத்தில் வந்தது. அதன் பிறகு தேர்வுத் தோல்வியை ஒட்டிய மாணவர் தற்கொலைகள் குறைந்ததாக அவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். மருத்துவத் துறைக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளும் உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

ஆனால் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. அதற்காக ஓராண்டையோ இரண்டாண்டையோ பயிற்சி மையங்களிலும் விடுதிகளிலும் கழிக்கும் ‘ரிப்பீட்டர்’ மாணவர்களின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை, கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘மனம்’ எனப்படும் மனநல நல்லாதரவு மன்றங்கள் அக்கல்லூரிகளில் சேர்ந்துவிட்டவர்களுக்கானவை. சேர முடியாமல் பதினெட்டு, பத்தொன்பது வயதில் விடுதி அறையில் இருப்பவர்களைப் பார்க்கச் செல்வது யாருடைய வேலை என்பது தெளிவாக இல்லை.