பழி யார் மீது? அரசுப் பள்ளிகளும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்திலும், அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைந்துவிட்டதாகச் செய்தி வரும் ஜூன் மாதத்திலும் ஒரே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது. அரசுப் பள்ளி நலிந்ததற்கு யார் காரணம்? தேநீர்க் கடைகளில் ஆசிரியர் கூண்டில் ஏற்றப்படுகிறார். ஆசிரியர்களின் ஓய்வறையில் பெற்றோர் ஏற்றப்படுகிறார்கள். சென்னையில் ஒன்றிய அரசு குற்றவாளி. தில்லியில் மாநில அரசு குற்றவாளி. நால்வரும் ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்க, பாதிக்கப்பட்ட தரப்பான குழந்தையை யாரும் சாட்சியாகக்கூட அழைப்பதில்லை. அந்தக் குழந்தை பெரும்பாலும் தலித் குழந்தை என்பதும் தற்செயலானதல்ல. வசதி படைத்தவர்கள் தனியார் பள்ளிகளுக்குப் போன பிறகு அரசுப் பள்ளியின் இருக்கைகளில் எஞ்சியிருப்பவர்கள் யார் என்பதை நாம் அறிவோம்.

இந்த விவாதத்தைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் அரியலூரில் சுமார் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெரம்பலூரில் சுமார் 74, அரியலூரில் சுமார் 71, மாநிலத்தில் 80 விழுக்காடு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரிக் காடுகளும் மறுபுறம். நிலமில்லாதவர்கள் கூலிக்குப் போகும் ஊர்கள் இவை. திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறும் ஊர்களும் இவையே.

"வீட்டுச் சூழல் சரியில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை, இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற வாதம் எங்காவது பலிக்க வேண்டுமென்றால் இங்கேதான் பலித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காடு தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது பெரம்பலூர். 2023 பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 விழுக்காட்டுடன் முதலிடம், மீண்டும் பெரம்பலூர். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் முதலிடம் அரியலூர். 2025 பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடன் முதலிடம், அதுவும் அரியலூர்.

இந்த ஆண்டுகளில் இம்மாவட்டங்களின் பெற்றோர் மாறிவிடவில்லை. அவர்களுடைய சாதியும் மாறவில்லை, கூலியும் பெரிதாக மாறவில்லை. விடியற்காலையில் களை பறிக்கப் போன தாய் இன்றும் போகிறாள். மாறியவை பள்ளிக்கு உள்ளே நடந்தவை: கண்காணிப்பு, மாலை நேர வகுப்புகள், மெல்லக் கற்போருக்கான தனிக் கவனம், மாவட்ட நிர்வாகத்தின் அழுத்தம். ஆகவே முதல் குற்றச்சாட்டு, அதாவது பழியைக் குடும்பத்தின் மீதும் அதன் வழியே சாதியின் மீதும் போடும் குற்றச்சாட்டு, இந்த இரண்டு மாவட்டங்களின் எண்களிலேயே தள்ளுபடி ஆகிறது. தலித் பெற்றோரை நோக்கி இனி யாராவது இதைச் சொன்னால், மேற்கண்ட நான்கு வரிகளை எடுத்துக் காட்டுங்கள்.

இத்துடன் வெற்றி விழாக் கொண்டாடிவிட்டுப் போக முடியவில்லை என்பதே நம் சிக்கல். தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு மண்டபத்துக்கு வந்தவர்களின் கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனவன் அந்தக் கணக்கின் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. நூற்றுக்கு முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றவரும் தொண்ணூற்றைந்து பெற்றவரும் அதில் ஒரே எண். விழுக்காட்டைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடியில் உள்ள பள்ளிக்கு, பின்தங்கிய மாணவரைக் கைதூக்கி விடுவது ஒரு வழி. அவரை மெல்ல வெளியே அனுப்பிவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி இல்லவே இல்லை என்று எந்த ஆசிரியரும் நம்மிடம் சத்தியம் செய்யமாட்டார்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டம் குழுமூரின் அனிதாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கூலித் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176. அதே ஆண்டு நீட் தேர்வில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் தரப்பைச் சொன்ன அவர் 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அவர் மறைந்தபோது 'மாநிலப் பாடத்திட்டம் தரமற்றது, ஆசிரியர்கள் சொல்லித்தரவில்லை' என்று ஒரு கூட்டம் சொன்னது. நீட் என்னும் வடிகட்டியைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்க அந்தப் பழி அவர்களுக்கு வசதியாக இருந்தது. பின்னர் 2020இல், நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்ல சட்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அனிதா மேல்நிலை வகுப்புகளைப் பயின்றது ஒரு தனியார் பள்ளியில். இந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அது அவருக்குப் பயன்பட்டிருக்காது. நன்றாகப் படிக்கும் தலித் குழந்தையை எப்படியாவது அரசுப் பள்ளியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கூலிக் குடும்பமே நினைக்கும் நிலை ஏன் வந்தது என்பதுதான் நம் கேள்வியின் மையம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்.

அடுத்து ஆசிரியர். சில காலம் முன்பு இந்த வட்டாரத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தோம். "வீட்டில் எடுத்து வைத்துப் படிக்கச் சொல்ல ஆள் இல்லை" என்று ஆசிரியர் வழக்கமான பல்லவியைத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். "அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சரு. ஒருத்தரு மீட்டிங் போயிட்டா மிச்சம் ஒருத்தரு. அந்த ஒருத்தரு எந்த வகுப்பப் பாப்பாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்றார்.

அந்தத் தாயின் கேள்வியைச் சட்டத்தில் தேடிப் பாருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். முப்பதுக்கு ஒருவர் என்ற கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஆக, சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மீறாமலேயே ஐந்தில் மூன்று வகுப்புகளை எந்நேரமும் ஆசிரியர் இல்லாமல் வைத்திருக்க முடியும். இது பெரிய பள்ளிகளைத் தொடுவதில்லை. ஊருக்கு வெளியே, குடியிருப்புக்கென்று அமைந்த சிறு பள்ளிகளைத்தான் தாக்குகிறது. ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். ஆசிரியர் போனதைப் பார்த்து இன்னும் நான்கு பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் வேனில் ஏற்றுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. ஒரு மாணவர்கூட இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 2019இல் நூலகங்களாக மாற்றப்பட்டபோது, 'பெற்றோரின் ஆங்கில மோகம்' என்றார்கள். மோகம் இல்லாமலில்லை. ஆனால் சுழலை முதலில் சுற்றிவிட்டது யார் என்று கேட்க வேண்டாமா?

ஆசிரியரைக் குற்றமற்றவர் என்று விடுவிக்க இதை எழுதவில்லை. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவச் செய்த ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். பணிச்சுமை என்ற விளக்கம் அங்கே செல்லாது, அது சாதி. சட்டத்தின் 17ஆம் பிரிவு மனரீதியான துன்புறுத்தலைத் தடை செய்கிறது. 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. நேரம் தவறாமை, பாடத்தை முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனை மதிப்பிட்டுக் கூடுதல் பயிற்சி அளித்தல், பெற்றோரைச் சந்தித்தல். இவற்றை மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. எமிஸ் இணையதளத்தில் நாள்தோறும் விவரம் ஏற்றுவது கல்விப் பணியா இல்லையா என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022இல் காலிப் பணியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு ஆணையிட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று நிர்ணயித்தது. கட்டுமான வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் அதைவிட அதிகம் ஈட்டுகிறார்கள். முதல் தலைமுறைக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் வேலைக்கு அரசு வைத்த விலை அது.

பள்ளிகளின் இந்த ஏற்றத்தாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மாகாணத்தில் பொதுப் பள்ளிகள் தீண்டப்படாதோரின் குழந்தைகளை உள்ளே விடாத காலத்தில், 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த மரபில் வந்தவை. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. 2023 நிதிநிலை அறிக்கை இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது நம்மிடையே இரு கருத்துகள் எழுந்தன. ஊர்ப் பிள்ளைகள் வராத தனிப் பள்ளி சாதியைப் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறது என்பது ஒன்று. நமக்கென ஒதுக்கிய நிலமும் நிதியும் பணியிடங்களும் இணைப்பில் கரைந்துபோகும் என்பது மற்றொன்று. முதல் கருத்தின் பக்கம்தான் நாம் நிற்கிறோம். ஆனால் இரண்டாவது அச்சத்துக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் இல்லாமல் ஒரு பள்ளியைக்கூட ஒப்படைக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

இனி இரு அரசுகள். 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒன்றிய அரசு செய்தது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நிதிப் பொறுப்பை இரு அரசுகளுக்கும் பொதுவாக வைக்கிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைச் சென்னையில் யாரும் உரக்கப் படிப்பதில்லை. ஒன்றியத்திலிருந்து வருவதையும் தன் சொந்த வருவாயையும் கணக்கில் கொண்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்த நிதி அளிக்கும் பொறுப்பு மாநில அரசுடையது என்கிறது அது. தில்லி தரவில்லை என்பது தில்லி மீதான வழக்குக்கு நல்ல வாதம். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது பதிலாகாது.

'யார் குற்றவாளி' என்ற கேள்வியைச் சட்டம் வேறு விதமாகக் கேட்கிறது: யாருக்கு என்ன கடமை, அது எந்தத் தேதியில் தவறியது? பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. 10ஆம் பிரிவின்படி பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது. அவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். மற்றவர்களின் கடமைகளைக் கணக்குக் கேட்கப் போதிய கருவிகள் சட்டத்திலேயே உள்ளன. 26ஆம் பிரிவின்படி ஒரு பள்ளியின் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 21ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம். 32ஆம் பிரிவின்படி எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு.

விடுமுறையில் ஊருக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஐந்து கேள்விகளை அனுப்புங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த கல்வியாண்டில் ஆசிரியர்கள் வெளிப் பணிக்குச் சென்ற நாட்கள் எத்தனை? மேலாண்மைக் குழுவில் பட்டியல் சாதிப் பெற்றோர் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள்? முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். வந்த பதிலை அடுத்த கிராம சபையில் உரக்கப் படியுங்கள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டு மனுவை எழுத நாங்கள் உதவுகிறோம்.