நாற்காலி போடுகிறோம், மாநாட்டையும் நாமே நடத்தக் கற்போம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் மண்டபங்கள்தான். 2022 ஜூன், ஜூலை மாதங்களில் அ.தி.மு.க. பொதுக்குழு கூடிய மண்டபம் வானகரத்தில் இருக்கிறது. பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர் மாநாடு அங்குதான் நடந்தது. கல்யாணம், கண்காட்சி, கம்பெனி விழா, கட்சிக் கூட்டம் என்று இந்த வட்டாரத்தில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகளில் நம் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. லாரியில் இருந்து நாற்காலி இறக்குகிறார்கள், பந்தல்கால் நடுகிறார்கள், மைக் செட் தூக்குகிறார்கள், பந்தியில் பரிமாறுகிறார்கள், கூட்டம் கலைந்த பிறகு இலை எடுக்கிறார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்குப் போகும் மாணவர்கள் ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம், திருமழிசை காலனிகளில் ஏராளம். இரவு வேலை முடிந்ததும் கையில் அன்றைய கூலி. நிகழ்ச்சியைத் திட்டமிட்டவருக்கோ மொத்தச் செலவில் ஒரு பங்கு, அடுத்த நிகழ்ச்சிக்கான அழைப்பு, ஊரில் ஒரு பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம்.

இது நமக்குப் புதிய வேலையா?

ஊர்த் திருவிழா என்றால் பறையடித்துச் சேதி சொல்வது, விறகு சுமப்பது, பந்தல் போடுவது, கடைசியில் குப்பை அள்ளுவது என்று நம் முன்னோருக்கு வேலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் போட்ட பந்தலுக்குள் அவர்களுக்கே இடம் கிடையாது. உழைப்பு நம்முடையது, முடிவு வேறு யாருடையதோ. அந்த ஏற்பாட்டை உடைக்க நினைத்த நம் தலைவர்கள் முதலில் கையில் எடுத்த கருவி மாநாடு.

1891 டிசம்பர் 1-ஆம் தேதி நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதில் 10 தீர்மானங்கள் நிறைவேறின. 1893 டிசம்பர் 23-ஆம் தேதி சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் இரட்டைமலை சீனிவாசன் கூட்டம் நடத்தினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் சாதி இந்துக்களின் கைக்கே போய்விடும் என்று எச்சரித்து, 3,412 பேரின் கையெழுத்துடன் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். செல்போன் இல்லை, தட்டச்சு வசதி இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே சிலர்தான். அந்தக் காலத்தில் 3,412 கையெழுத்து வாங்க எத்தனை பேர், எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மேடைப் பேச்சுக்கு முன்பு நடக்கும் அந்த வேலையைத்தான் இன்று நிகழ்ச்சி மேலாண்மை என்று பாடமாக நடத்துகிறார்கள்.

மகாடு மாநாடுகளின் கணக்கையும் பார்ப்போம். 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாராஷ்டிரத்தின் மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பொதுக் குளத்துத் தண்ணீரைத் தொட முடியாத மக்கள் என்பதால், மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. எந்த உரிமைக்காகக் கூடினார்களோ அதுவே செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறியது.

அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட இரண்டாவது மாநாட்டுக்குப் பந்தல் போட இடம் தர மறுத்தார்கள். ஃபத்தேகான் என்ற இஸ்லாமியர் தன் நிலத்தைக் கொடுத்தார். உள்ளூர் வியாபாரிகள் பொருள் தர மாட்டார்கள் என்பது தெரிந்திருந்ததால், தானியமும் மற்ற பொருள்களும் வெளியூரில் வாங்கி முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்டன. இடம் மறுக்கப்பட்டால் மாற்று இடம், கடை அடைக்கப்பட்டால் கையிருப்பு. எது தவறிப் போகும் என்று முதலில் யோசித்து அதற்கு வழி செய்துவைப்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம். அதைக் கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நம் ஆவடிக்கும் மாநாட்டு வரலாறு உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் 60-ஆவது மாநாடு ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட திடலில், யு.என்.தேபர் தலைமையில் நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டமும் அதே 1955-இல்தான் வந்தது. இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் அது இருக்கிறது. பொதுப் பயன்பாட்டில் உள்ள இடத்தைத் தீண்டாமை காரணமாக மறுப்பது அதன்படி குற்றம். மண்டபம் கேட்கப் போகும் நம் இளைஞருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வேலை என்னவென்று பார்ப்போம்

ஏப்ரல் 14 அன்று ஆவடியில் 300 பேருக்கு ஒரு நாள் கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி போட்டு உட்கார ஆளுக்கு 10 சதுர அடி என்றால் 3,000 சதுர அடி. மேடை, நடைபாதை, பதிவு மேசை, புத்தகக் கடை எல்லாம் சேர்த்தால் 4,500 சதுர அடியாவது வேண்டும். சித்திரை வெயில் என்பதால் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். மொத்தம் 900 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 45. இப்படி ஒவ்வொன்றையும் தலைக்கணக்கில் இருந்து தொடங்க வேண்டும். “பார்த்துக்கலாம்” என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

அடுத்தது நாள் கணக்கு. நிகழ்ச்சி நாளில் இருந்து பின்னோக்கி எழுத வேண்டும். மண்டபமும் பேச்சாளரும் இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்பே உறுதியாக வேண்டும். அழைப்பிதழ் ஒரு மாதத்துக்கு முன். சாப்பாட்டு எண்ணிக்கை ஒரு வாரத்துக்கு முன். மைக்கும் திரையும் முதல் நாள் மாலையே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நிகழ்ச்சி அன்று யார், எத்தனை மணிக்கு, எங்கே நிற்க வேண்டும் என்பது ஒரே தாளில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் நம் வட்டாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ஆனால் மூன்று ஊர்களுக்கும் காவல் துறை ஒன்றுதான்: 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் ஆவடி காவல் ஆணையரகம். குப்பை வண்டிக்கு ஒரு அலுவலகம், ஒலிபெருக்கி அனுமதிக்கு இன்னொரு அலுவலகம் என்று போக வேண்டியிருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வைப்பது கட்டாயப் பழக்கமாக வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகவும் அந்தத் தாள்தான் உதவும்.

உயிர் சம்பந்தப்பட்ட வேலை

2005 டிசம்பர் 18-ஆம் தேதி சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கக் காத்திருந்தவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள். நெரிசலில் முதலில் விழுவது முன்கூட்டியே வந்து மணிக்கணக்கில் நின்ற எளிய மக்கள்தான், பெண்களும் குழந்தைகளும்தான்.

உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. ஆம்புலன்ஸ் நிற்க அடைக்கப்படாத ஓர் இடம். சொன்ன நேரத்துக்கு நிகழ்ச்சியைத் தொடங்குவது. கூட்டம் கொள்ளளவைத் தொட்டதும் வாசலை நிறுத்தத் துணிவது. இவை தெரிந்தவர் பொறுப்பில் இருந்தால் உயிர்கள் தப்பும். நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடும் நினைவு நாள்களுக்கும் ஜெயந்தி விழாக்களுக்கும் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே இருந்தாக வேண்டும்.

கழிவறை விஷயமும் அப்படித்தான். ஆயிரம் பேர் கூடும் இடத்தில் தற்காலிகக் கழிவறையை யார், எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று நிகழ்ச்சி நடத்துவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்ற வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திர வண்டிதான் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதும் அதிகாரம் நிகழ்ச்சி மேலாளருக்கு உண்டு. வேலை செய்தவர்களும் விருந்தினர் சாப்பிட்ட அதே சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அந்த நாற்காலியில் நம்மவர் உட்கார வேண்டும் என்று சொல்வதற்கு வருமானம் மட்டும் காரணமாக இல்லை.

எங்கே கற்பது?

1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடத்துகிறது. தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் உணவுத் தயாரிப்பு, விருந்தோம்பல் படிப்புகளில் சேரவும் தாட்கோ வழியாக உதவி கிடைத்திருக்கிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பை மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்று பார்க்கலாம். அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

நிகழ்ச்சி மேலாண்மை டிப்ளமோ என்று தனியார் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. வட்டிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு? எத்தனை நாள் நேரடி நிகழ்ச்சிப் பயிற்சி? சென்ற ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காசு கொடுக்காத பள்ளி ஒன்றும் இருக்கிறது. அடுத்த முறை கேட்டரிங் வேலைக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இலை விழுந்தது, எது மிஞ்சியது, எங்கே தாமதம் ஆனது, மேற்பார்வையாளர் அதை எப்படிச் சமாளித்தார் என்று எழுதுங்கள். இருபது நிகழ்ச்சி எழுதியவருக்கு வகுப்பில் பாடம் சட்டென்று புரியும்.

தொழிலாகச் செய்ய

இரண்டு லட்சம் ரூபாய் செலவாகும் ஒரு விழாவுக்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம் பேசினால் 20,000 ரூபாய். ஆனால் முன்பணம் வாங்காமல் இறங்கினால் அந்த 20,000-மும் கடனாக மாறும். எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக விலைப்பட்டியல், எதிர்பாராத செலவுக்கு ஒரு தொகை, பாதி முன்பணம், கையெழுத்திட்ட ஒப்பந்தம். தெரிந்தவர் வீட்டு விழா என்றாலும் இதை விடக்கூடாது.

உத்யம் பதிவு இலவசம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி புகார் செய்யலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று கொள்முதல் கொள்கை சொல்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, மத்திய அரசு நிறுவனங்கள் பல இருக்கின்றன. அவர்களும் கருத்தரங்கு நடத்துகிறார்கள், ஆண்டு விழா கொண்டாடுகிறார்கள். அரசின் ஜெம் இணையச் சந்தையில் கருத்தரங்கு, கண்காட்சி நடத்தித் தரும் சேவைக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே பெயர் இல்லாதவரை யாரும் தேடி வர மாட்டார்கள்.

முதலீட்டுக்கு மாநில அரசின் இரண்டு திட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தாட்கோவின் முதல்வர் அரைஸ் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய். இரண்டிலும் 6 சதவீத வட்டி மானியம் உண்டு. மைக் செட், ஜெனரேட்டர், எல்.இ.டி. திரை வாங்க நினைக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து திட்ட அறிக்கையுடன் போகலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த நாளில் உள்ள விதியை ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குப் பெரிய மண்டபம் தேவையில்லை. காலனியில் நடக்கும் மாலை நேரப் படிப்பகத்தின் ஆண்டு விழா, மகளிர் குழுக் கூட்டம், பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டும் நிகழ்ச்சி, ஏதாவது ஒன்றைப் பொறுப்பெடுங்கள். தலைக்கணக்கு, நாள் கணக்கு, செலவுக் கணக்கு மூன்றையும் தாளில் எழுதி நடத்துங்கள். முடிந்த மறுநாள் வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். கணக்கைப் பொதுவில் படிக்கும் பிள்ளைகளை நம்பி ஊர் அடுத்த வேலையைக் கொடுக்கும்.