பதினேழு மில்லிமீட்டர் சிக்கல்

பெருங்குழுமங்களின் கீழ் வராமல், தனியாளாகவோ சிறு பட்டறையாகவோ கைக்கடிகாரம் செய்யும் சுயேச்சைக் கலைஞர்களின் படைப்புகளுக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் பெருகியிருக்கிறார்கள் என்றாலும், மெல்லிய மணிக்கட்டு உடைய ஒரு பெண் அவற்றுள் தனக்குப் பொருந்துவதைத் தேடினால், 38, 39, 40 மில்லிமீட்டர் விட்டமுள்ளவையே பெரும்பாலும் எதிர்ப்படுகின்றன. செய்வோரும் வாங்குவோரும் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதே காரணம் என்று சொல்லப்படுவதில் உண்மை உண்டு. ஆயினும் சிக்கலின் வேர் கடிகாரத்தின் உள்ளே, முட்களை ஓட்டும் இயக்கப்பொறியில் இருக்கிறது.

முதல் உலகப்போர் வரை கைக்கடிகாரம் பெரிதும் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆண்கள் சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்தார்கள். ஆகவே பொறியைச் சிறிதாக்குவது அக்காலத் தொழிலின் உச்சத் திறமையாக மதிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஜேகர்-லெகுல்த்ர நிறுவனம் 1929இல் வெளியிட்ட 101 எண் கொண்ட இயக்கப்பொறி 14 மில்லிமீட்டர் நீளமும் 4.8 மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே உடையது. எடை ஏறத்தாழ ஒரு கிராம். பக்கவாட்டில் இடமில்லாததால் சாவி கொடுக்கும் திருகு பின்புறத்தில் வைக்கப்பட்டது. இரண்டாம் எலிசபெத் 1953இல் முடிசூடியபோது அணிந்திருந்தது இந்தப் பொறி கொண்ட கடிகாரத்தையே.

1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது மின்கலத்தால் அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் காட்டும் கடிகாரத்தை, விற்பனைக்குக் கொண்டுவந்த பின் இந்தத் திறமைக்கான தேவை தேய்ந்தது. சின்னஞ்சிறு பேட்டரியும் மோட்டாரும் மலிவாகக் கிடைத்ததால் பெண்களுக்கான கடிகாரம் என்றாலே உள்ளே குவார்ட்ஸ், வெளியே வைரக்கல் என்று ஆயிற்று. 1980களின் இறுதியிலிருந்து இயந்திரக் கடிகாரம் மறுவாழ்வு பெற்றபோது அதன் பயன் பெரும்பாலும் ஆண்களின் அளவுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

சுயேச்சைப் பட்டறைகளில் பல, இயக்கப்பொறியைத் தாமே செய்வதில்லை. வெளியில் வாங்கித் திருத்தி மெருகேற்றுகின்றன. இவர்கள் பரவலாக நாடும், ஈட்டா நிறுவனத்தின் 2824 என்ற ஆட்டோமேட்டிக் பொறியின், அதாவது கையசைவால் தானே சாவி ஏறும் பொறியின், விட்டம் 25.6 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் சிறிய ஆட்டோமேட்டிக்கான 2671இன் விட்டம் 17.2 மில்லிமீட்டர், பரப்பில் கணக்கிட்டால் முன்னதில் பாதிக்கும் குறைவு. ஈட்டா, ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்தது. வெளியாருக்குப் பொறி தருவதைக் குறைக்கப்போவதாக அக்குழுமம் 2002இல் அறிவித்ததை அடுத்து, செல்லிட்டா என்ற மற்றொரு சுவிஸ் நிறுவனம் ஈட்டா பொறிகளுக்கு மாற்றுகளைத் தயாரித்தது. அவற்றுள் எஸ்டபிள்யூ 100 இந்தச் சிறிய அளவுக்கானது. பெரிய அளவில் தேர்வுகள் பல இருக்க, 17 மில்லிமீட்டரை ஒட்டிய அளவில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே உள்ளன.

சிறிதாக்குவதில் இயற்பியலின் தடையும் உண்டு. கடிகாரத்தின் நேர ஒழுங்கைக் காப்பது பேலன்ஸ் வீல் எனப்படும், முன்னும் பின்னும் சுழன்றாடும் சிறு சக்கரம். அதன் நிலைமம், அதாவது சுழற்சியில் ஏற்படும் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, மிகுதியாக இருந்தால் கையின் அசைவும் குலுக்கலும் அதன் ஆட்டத்தை எளிதில் குலைப்பதில்லை. அந்தச் சக்கரத்தின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் நிலைமம் பாதியாகக் குறைந்து நிற்பதில்லை; 32இல் ஒரு பங்காகிவிடும். விசை தரும் சுருள்வில்லை வைக்கும் உருளையும் சுருங்குவதால், ஒருமுறை சாவி கொடுத்தால் ஓடும் நேரமும் குறைய முற்படும். சின்னக் கடிகாரத்தை எளிய வேலையாக நினைப்போர் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

இந்தத் தடையைக் கலைஞர்கள் வெவ்வேறு வழிகளில் தாண்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் கிளாஷூட்டேயில் 1990இல் தொடங்கப்பட்ட சுயேச்சை நிறுவனமான நோமோஸ், ஆட்டோமேட்டிக்கை விடுத்து, 23.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நாள்தோறும் கையால் சாவி கொடுக்கும் தட்டையான பொறியைத் தேர்ந்தது. அதைக் கொண்டு ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் விட்டமுள்ள டாங்கெண்டே மாதிரியும், 27.5 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுர டெட்ரா மாதிரியும் வந்தன.

ஜெனீவாவில் பட்டறை நடத்தும் ஃபிரான்சுவா-பால் ஜூர்ன் 2014இல் வெளியிட்ட எலெகான்ட், பெண்களை மனத்தில் கொண்டு எட்டு ஆண்டுகள் உழைத்துச் செய்யப்பட்டது. பேட்டரியில் ஓடும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தால், முகப்பிலேயே தெரியும் ஓர் அசைவுணரி சுமார் அரைமணி நேரம் பொறுத்திருந்து முட்களை நிறுத்திவிடுகிறது. நேரக்கணக்கு மட்டும் உள்ளே தொடர்கிறது. மீண்டும் கையில் எடுத்ததும் முட்கள் முன்னோக்கியோ பின்னோக்கியோ, எது குறுக்குவழியோ அவ்வழியில் நகர்ந்து சரியான நேரத்தில் நிற்கின்றன. இந்த உறக்கத்தால் பேட்டரியின் ஆயுள் பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. வைரம் பதிப்பதைவிட இது எவ்வளவோ மரியாதையான விடை; எனினும் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நீளமுள்ள அது சிறிய கடிகாரம் அன்று.

தேடுவோர் 'பெண்களுக்கு' என்ற தலைப்பின் கீழ் மட்டும் பார்ப்பது வீண். சுவிஸ் கலைஞர் பிலிப் டுஃபூர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற சிம்ப்ளிசிட்டி, 34 மில்லிமீட்டர் அளவிலும் செய்யப்பட்டது. அதை யாரும் பெண்களுக்கானது என்று விற்கவில்லை. விட்டத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு: பட்டையைப் பிடித்திருக்கும் கொம்புகளின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரையுள்ள நீளம். மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையாக உள்ள பகுதியின் அகலத்தை அளவுகோலால் அளந்துகொண்டு, இந்த நீளம் அதைத் தாண்டாதபடி தேர்ந்தால், 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடிகாரம்கூட மெல்லிய கையில் அடங்கி உட்காரும். கொம்பு நீண்டிருந்தால் 33 மில்லிமீட்டரும் துருத்திக்கொண்டு நிற்கும். சதுரத்தை வட்டத்தோடு எண்ணால் ஒப்பிடுவதும் ஏமாற்றும்: மேலே சொன்ன 27.5 மில்லிமீட்டர் சதுரம், 31 மில்லிமீட்டர் வட்டம் அடைக்கும் அதே பரப்பைக் கையில் அடைக்கிறது.

வாங்குமுன் உள்ளே உள்ள பொறி எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம். பலரும் பயன்படுத்தும் பொறியாக இருந்தால் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் கிடைப்பார்கள். ஒரே பட்டறையின் சொந்தப் பொறியாக இருந்தால், சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டிய ஒவ்வொரு முறையும் கடிகாரம் பெரும்பாலும் அந்தப் பட்டறைக்கே பயணம் போக வேண்டியிருக்கும். பட்டையின் அகலத்தையும் கேட்டுவைக்கலாம். 12, 14 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல தோல்பட்டைகள் கடைகளில் குறைவாகவே கிடைப்பதால், கடிகாரத்தோடு ஒரு மாற்றுப் பட்டையையும் அதே பட்டறையில் வாங்கிவிடுவது நல்லது.