பல் வைத்த பேனாக்கத்தி

இறகுப் பேனாவின் நுனியைச் சீவுவதற்கென்று ஏற்பட்ட சிறு கத்திக்குப் பேனாக்கத்தி என்ற பெயர் வாய்த்தது. இறகுப் பேனா மறைந்து எத்தனையோ காலமாகியும் கத்தி மறையவில்லை. பென்ஸில் சீவவும், பழம் நறுக்கவும், பார்சல் கயிற்றை அறுக்கவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று வாங்கலாமென்று கடைக்குப் போனால், கடைக்காரர் இரண்டு தினுசுகளை எடுத்து முன்னால் வைக்கிறார். ஒன்றின் வாய் நேராகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. மற்றொன்றின் வாயில் ரம்பம் போன்ற பற்கள். பார்த்தவுடன், பல் உள்ளதே சமர்த்துக் கத்தி என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிவிடலாமா?

பல் வைத்த ஆயுதம் நமக்குப் புதிதல்ல. பனை மட்டையின் ஓரத்தில் இயற்கையே கருக்கு வைத்திருக்கிறது. நெற்கதிர் அறுக்கும் கருக்கரிவாளில் கொல்லர் அதே மாதிரி நுண்ணிய பற்களை வெட்டி வைத்தார். ஆயினும் விறகு பிளக்கவோ இளநீர் சீவவோ கருக்கரிவாளை எவரும் எடுப்பதில்லை. அதற்கு வழவழப்பான வாயுள்ள அரிவாள் தனியாக இருக்கிறது. நமது பாஷையும் இந்தப் பேதத்தை நன்றாக அறிந்திருக்கிறது. அறுப்பது வேறு, வெட்டுவது வேறு, சீவுவது வேறு, செதுக்குவது வேறு. பல் வைத்த கத்தி இவற்றுள் அறுப்பதில் மட்டுமே தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது.

காரணம் எளிது. நேரான வாயைக் கயிற்றின்மேல் வைத்து அழுத்தினால், கையின் பலம் அங்கே படும் வாயின் நீளம் முழுவதும் பரவிவிடுகிறது. பல்லுள்ள கத்தியிலோ பற்களின் நுனிகளே முதலில் தொடுவதால், பலமெல்லாம் அச்சிறு புள்ளிகளில் குவிகிறது. நுனி நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுக்கும்போது பற்களுக்கிடையே உள்ள குழிவு அதை அறுத்துவிடுகிறது. தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, மோட்டார் வண்டியின் ஸீட் பெல்ட் முதலியவற்றில் இதன் வேகம் வழவழப்பான வாய்க்கு எளிதில் வராது. மேலும், கத்தி பலகையில் மோதும்போது அடி வாங்குவது பல் நுனிதான். குழிவுக்குள் இருக்கும் கூர்மை நெடுநாள் நிற்கும். ரொட்டிக் கத்திக்குப் பல் வைப்பதிலும் இந்த நியாயம் உண்டு.

இனி மறுபக்கம். பல்லுள்ள கத்தியால் ஓர் ஆப்பிளின் தோலைச் சீவிப் பாருங்கள். தோலோடு சதையும் பிய்ந்து வரும். பென்ஸிலைச் சீவினால் மரம் பிசிர் பிசிராகக் கிளம்பும். பற்களைப் பெரும்பாலும் அலகின் ஒரு பக்கத்தில் மட்டுமே தீட்டி அமைப்பதால், தடித்த பொருளை அறுக்கும்போது வெட்டு நேராகப் போகாமல் ஒரு புறம் ஒதுங்கும். விரலில் பட்டாலோ, காயம் கோடாக இராது, கிழிசலாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் விரல்களை அனுதினமும் பார்க்கிறவன் என்ற முறையில், இதை நான் அற்ப விஷயமாக எண்ணவில்லை.

ஸ்விட்ஸர்லாந்து ராணுவத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத் தக்கது. 1891-ல் அந்தத் தேசத்துச் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி வந்து சேர்ந்தது. தகர டப்பாவைத் திறக்கவும், துப்பாக்கியைக் கழற்றவும் உதவிய அந்தக் கத்தியின் அலகு வழவழப்பானதே. நூறு வருஷத்துக்கும் மேல் கழிந்து, 2008-ம் வருஷத்து மாதிரியில்தான் அலகின் ஒரு பகுதிக்குப் பல் முளைத்தது! கூடவே ஒரு கையால் திறக்கும் வசதியும், திறந்த அலகு மடங்காதபடி பூட்டும் சேர்ந்தன. சிப்பாய்க்கு ஆபத்தில் கயிறும் வாரும் அறுபட்டால் போதும். ஆப்பிள் சீவுவது இரண்டாம் பட்சம். ஆனால் அதே கத்தியைச் செய்யும் விக்டோரினாக்ஸ் கம்பெனியார் பொதுஜனங்களுக்கு விற்கும் சிறு கத்திகளில் பெரும்பாலானவற்றின் வாய் இன்றும் வழவழப்புத்தான்.

பாதி பல்லும் பாதி வழவழப்புமான அலகு இரண்டு வேலைக்கும் ஆகும் என்பார்கள். மூன்று அங்குல அலகில் பாதியைக் கொடுத்துவிட்டால் இரண்டு வேலைக்கும் இடம் குறுகிப்போகிறது என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் சாணை பிடிப்பது. வழவழப்பான கத்தியை யாரும் வீட்டிலேயே தீட்டுக்கல்லில் பத்து நிமிஷத்தில் தீட்டிக்கொள்ளலாம். பல்லுள்ளதற்குத் தட்டையான கல் உதவாது. நுனி சிறுத்த உருண்டைக் கோல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிவாக, குழிவுள்ள பக்கத்தில் மட்டும் தீட்டி, மறுபக்கத்துப் பிசிரை மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். இந்தப் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? தெருச் சாணைக்காரரின் சக்கரத்தில் கொடுத்தாலோ, நாளடைவில் பல்லே கரைந்துபோகும்.

ஆகவே படகிலும் லாரியிலும் போகிறவர்கள் பல்லுள்ளதை வைத்துக்கொள்ளட்டும். கத்தியைத் தீட்டுவதே இல்லை என்ற சுபாவமுள்ளவர்களுக்கும் அதுவே மேல். தீட்டுக்கல் இருக்கிற வீட்டுக்கு நேரான வாயே போதும். பல்லுள்ளதை வாங்குகிறவர்கள், அலகுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பல் நாரில் மாட்டிக்கொண்டு, வெடுக்கென்று உருவும்போது, பூட்டில்லாத அலகு விரல்மேல் மடங்கக்கூடும்.