மூளைக்கு முந்தும் தண்டுவடம்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி உணவகமொன்றில் ரொட்டி சானாய் புரட்டுபவரின் விரல் கொதிக்கும் கல்லில் பட்டால், சூடு உறைக்கும் முன்னரே கை விலகிவிடுகிறது. தோலிலிருந்து உணர்வு நரம்பு கொண்டுவரும் செய்திக்கு மறுமொழியாக, மூளையின் முடிவை எதிர்பாராமல், தண்டுவடமே இயக்க நரம்பின் வழியாகத் தசையைச் சுருக்கிவிடுவதே இதற்குக் காரணம். அனிச்சை வில் எனப்படும் இவ்வழி, முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது இன்னும் குறுகியது: இரண்டு நரம்பணுக்கள், அவற்றிடையே ஒரேயொரு சந்திப்பு, அவ்வளவே.

1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர்கள் விவரித்த இந்தத் தட்டல், பார்ப்பதற்கு விளையாட்டுப் போலிருந்தாலும், கருவிகள் பெருகிய பின்னும் மதிப்பிழக்கவில்லை. தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்ட நிப்பா தொற்று பரவிய 1999இல், பிப்ரவரி முதல் ஜூன் வரை கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நோயாளிகளுள் பலருக்கு இத்தகைய தட்டலால் எழும் தசைநாண் அனிச்சைகள் குன்றியோ அடியோடு மறைந்தோ இருந்தன. சிலருக்கோ உதரவிதானமும் கழுத்தின் முன்புறத் தசைகளும், அதாவது மூச்சுக்கும் தலையசைவுக்கும் உரியவை, தாமாகவே விட்டுவிட்டு வெட்டி இழுத்தன. இவ்விரண்டையும் அந்நோயின் தனித்த அடையாளங்களுள் சேர்த்தே மருத்துவர்கள் பதிவுசெய்தனர்.