ஏரிச் சேறு எழுதிய சரித்திரம்

அரசர்களின் சரித்திரத்தைக் கல்வெட்டுகள் கூறும். மழையின் சரித்திரத்தை எது கூறும்? ஏரியின் அடியிலே படிந்த சேறு என்றால் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் அது உண்மையே.

கம்போடியா தேசத்தில் டோன்லே சாப் என்றொரு பேரேரி உண்டு. அதிலிருந்து புறப்படும் நதி, புனோம் பென் நகரின் அருகே மேகாங் மகாநதியுடன் கலக்கிறது. மாரிக் காலத்தில் மேகாங் பெருகி உயர்ந்ததும், இந்த நதி திசை திரும்பி ஏரியை நோக்கி ஓடுகிறது! கோடையில் சுமார் 1,000 சதுர மைல் பரப்புள்ள ஏரி, அப்போது 5,000 சதுர மைலுக்கு மேல் விரிந்து, கரையோரக் காடுகளை மூழ்கடிக்கிறது. மூழ்கிய காட்டிலே மீன்கள் பெருகுகின்றன. அவற்றை நம்பி லக்ஷக்கணக்கான மக்கள் ஜீவிக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பின், அது கொணர்ந்த வண்டலில் ஒரு பகுதி ஏரியிலே தங்கிவிடுகிறது.

இந்த வண்டலே ஆராய்ச்சியாளரின் ஏடு. படகிலிருந்து நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கி, படிவுகள் குலையாமல் சேற்றை மேலே எடுக்கிறார்கள். மேலே இருப்பது புதியது. கீழே போகப் போகப் பழையது. அதில் அகப்படும் இலை, மரத் துணுக்குகளின் வயதைக் கதிரியக்கக் கரியைக் கொண்டு கணக்கிடலாம். அக்கரி 5,730 வருஷங்களில் பாதியாகக் குறைந்துவிடும். எளிதில் அழியாத மகரந்தப் பொடி, அக்காலத்தில் எந்த மரங்கள் இருந்தன என்பதைத் தெரிவிக்கிறது. நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகள், நீர் ஆழமா, உவர்ப்பா என்பதைச் சொல்கின்றன. கரித்தூள், காட்டுத் தீக்குச் சாக்ஷி.

இந்த ஏட்டில் குறையும் உண்டு. ஆழமற்ற ஏரியாதலால் காற்றும் அலையும் அடிச் சேற்றைக் கலக்கிவிடும். எனவே வருஷம் வருஷமாகப் படிக்க இயலாது. நூற்றாண்டுகளாகவே படிக்க வேண்டும்.

அப்படிப் படித்ததில் ஓர் அதிசயம் வெளிப்பட்டது. உள்ளூர் ஓடைகள் கொணரும் மண்ணுக்கும் மேகாங் கொணரும் மண்ணுக்கும், ஸ்ட்ரான்ஷியம் என்னும் உலோகத்தின் அணு வகைகள் கலந்திருக்கும் விகிதத்தில் பேதம் உண்டு. அதைக் கொண்டு சோதித்து, 2011-ஆம் வருஷம் வெளியிட்ட முடிவு இது: மேகாங் வெள்ளம் ஆண்டுதோறும் ஏரிக்குள் புகும் வழக்கம் சுமார் 4,000 வருஷங்களுக்கு முன்புதான் தொடங்கியது. அதற்கு முன்னும் அங்கே ஏரி இருந்தது; ஆனால் நதி திரும்பி ஓடவில்லை.

அனாதி காலந்தொட்டு நிகழ்வதாகத் தோன்றும் வெள்ளத்துக்கும் ஒரு பிறப்பு உண்டு. பிறந்தது இறக்கவும் கூடும் அல்லவா? 2019, 2020 ஆகிய வருஷங்களில் வெள்ளம் தாமதமாகவும் குறைவாகவும் வந்து மீனவரைத் தவிக்க விட்டது. மழைக் குறைவு ஒரு காரணம்; மேகாங்கின் அணைகளும், ஆற்று மணலை வரம்பின்றி அள்ளுவதும் வெள்ளத்தை மேலும் தளர்த்துகின்றன. இயற்கை பல நூற்றாண்டுகளில் செய்த மாறுதலை மனிதன் ஒரு தலைமுறைக்குள் செய்துவிட வல்லவன்.

நாம் செய்வதும் அச்சேற்றிலே படிந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னாளில் ஒருவர் குழாயை இறக்கி அதைப் படிப்பார்.