குளியலறைக்குத் தனிச் சக்கர நாற்காலி: வாங்கும் முன் அளக்க வேண்டியது வாசலை

திருப்பதி: பக்கவாதத்தால் நடமாட்டத்தை இழந்த முதியவரைச் சாதாரணச் சக்கர நாற்காலியில் கூடத்துக்கு அழைத்து வருவதில் பெரிய சிரமம் இல்லை. அவரைக் குளிப்பாட்டுவதுதான் குடும்பத்தினருக்கு அன்றாடச் சோதனை. இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லும்போது ஈரத் தரையில் ஒருவரின் கால் வழுக்கினால் மூவருக்கும் அடிபடும்.

திருப்பதி - சென்னை நெடுஞ்சாலையில் புத்தூருக்கு முன்னதாக அமைந்துள்ளது வடமாலபேட்டை. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. இதுபோன்ற ஊர்களில் குளியலறை பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் தனியாக இருக்கும். இடையே ஒரு படியும் இருக்கும். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6.84 லட்சம் பேர் தவறி விழுந்து உயிரிழப்பதாகவும், அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது.

வீட்டில் இருக்கும் நாற்காலியையே குளியலறைக்கும் பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அதன் துணி இருக்கை நனைந்தால் எளிதில் உலராது. ஈரத்தில் தொடர்ந்து அமர்வோருக்குத் தோல் புண்ணாகும். சக்கரங்களின் பேரிங்கில் நீர் புகுந்து துருப்பிடிக்கும். குளியல் சக்கர நாற்காலியின் சட்டம் அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகால் ஆனது. இருக்கையின் நடுவே திறப்பு இருப்பதால் உடலைக் கழுவிவிடுவது எளிது. கைப்பிடியை மடக்கவோ கழற்றவோ முடிந்தால், கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி அமர வைக்கலாம். ஷவர் இல்லாத வீட்டில் வாளியும் குவளையும் போதும்.

நான்கு சிறிய சக்கரங்கள் கொண்டதைப் பிறர்தான் தள்ள வேண்டும். கைகளில் வலு உள்ளவர், பின்புறம் பெரிய சக்கரம் உள்ளதைத் தாமே உருட்டிச் செல்லலாம். ஆனால் அதன் அகலம் அதிகம். பலரும் ஏமாறுவது இங்குதான். நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரை அடிதான். கதவைத் திறந்து வைத்து, நிலைக்கும் கதவுப் பலகைக்கும் இடையே உள்ள உண்மையான இடைவெளியை அளந்த பிறகே கடைக்குச் செல்ல வேண்டும். நாற்காலியின் மொத்த அகலம் அதைவிடச் சில சென்டிமீட்டராவது குறைவாக இருப்பது அவசியம். வாசற்படியின் உயரத்தைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்தளம் அமைக்க வேண்டும். அரை அடிப் படிக்கு ஆறு அடி. மேற்கத்தியக் கழிப்பறையாக இருந்தால் அதன் உயரத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. இருக்கை அதைவிடத் தாழ்வாக இருந்தால் மேலே பொருந்தாது. தரையோடு பதித்த கழிப்பறை உள்ள வீட்டில், நாற்காலியை அதன் மீது நிறுத்தலாம். இடம் போதாவிட்டால் கீழே பாத்திரம் பொருத்தும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிரேக் போட்ட பிறகே அமர வைக்க வேண்டும். பாதம் கழுவ முன்னால் குனியும்போது நாற்காலி கவிழக்கூடும். முன் சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பியிருந்தால் அந்த ஆபத்து குறையும். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குக் காலில் சூடு உறைக்காது. ஆகவே வெந்நீரை உதவுபவர் தம் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, ஆந்திர அரசு முதியோருக்கு மாதம் 4,000 ரூபாயும் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாயும் ஓய்வூதியமாக வழங்குகிறது. பக்கவாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாய். மருந்துக்கும் உணவுக்கும் போக நாற்காலிக்கு மிஞ்சுவது எளிதல்ல.

மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் இங்கு உதவக்கூடும். 2017-இல் ஆந்திராவின் நெல்லூரில்தான் இது தொடங்கப்பட்டது. 60 வயதைக் கடந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்குக் கான்பூரின் அலிம்கோ நிறுவனம் வழியாக உபகரணங்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. கழிப்பறை வசதியுள்ள சக்கர நாற்காலியும் பட்டியலில் உள்ளது. இந்த விவரம் பலருக்கும் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 1981 முதல் ஏடிஐபி திட்டம் தனியே நடைமுறையில் உள்ளது. இதற்கு 40 சதவீத ஊனச் சான்று தேவை.

மதிப்பீட்டு முகாமுக்குச் செல்வோர் ஆதார், வருமானச் சான்றுடன் கதவு, படி, கழிப்பறை அளவுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிச் செல்லலாம். வெறும் சக்கர நாற்காலி என்று கேட்டால் சாதாரண நாற்காலியே கிடைக்கும். கழிப்பறை வசதி உள்ளது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அது நீரில் நனையலாமா என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.